ஆப் வகுப்பு எடுக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் ஒரு திறந்த மடல்

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை ‘மொபைல் ஆப் டெவலப்மென்ட்’ என்று பலகை வைத்து வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஆண்ட்ராய்ட் ஆப் எழுதிப் பிழைக்கிறவன். உங்களிடம் படித்து முடித்த பிள்ளைகள் வேலை பழகவென்று எங்களிடம் வருகிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்து அவர்களோடு வேலை செய்வதால் வகுப்பில் என்ன நடக்கிறது, என்ன நடக்கவில்லை என்பது ஓரளவுக்குத் தெரியும். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கேட்கப்போவது ஒரேயொரு விஷயம். ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுக்கும் முன், அந்தப் பிள்ளை தன் கையால் எழுதிய ஒரு நேட்டிவ் ஆப் (ஆண்ட்ராய்டுக்கென்றே நேரடியாக எழுதியது), எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, தன்னுடையதல்லாத போன்களில் இரண்டு கிழமை பாவனையில் இருந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மீதி மடல் முழுக்க ஏன் என்பதற்கும், இல்லை இது ஏலாது என்று நீங்கள் சொல்லப்போகும் காரணங்களுக்குப் பதிலும்தான்.

இப்போது என்ன நடக்கிறது? கல்குலேட்டர் ஆப், லொகின் திரை, ஒரு செய்தித்தளத்தை வெப்வியூவுக்குள், அதாவது ஆப்புக்குள் இருக்கும் உலாவிக்குள், திறந்து காட்டும் ஆப், இந்த மூன்றும் முடிந்தால் கோர்ஸ் முடிந்தது. மூன்றுமே சேரின் கணினியில், எமுலேட்டர் என்ற போலிப் போனில், வேகமான வைஃபையில் ஓடும். ஓடுவதைப் படம் பிடித்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டால் அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேரும். அந்தப் பிள்ளையிடம் “இதை உன் உம்மாவின் போனில் போட்டாயா?” என்று கேட்டால் ஒரு சிரிப்பு மட்டும் வரும்.

அதைவிட வயிற்றெரிச்சல், கையில் கொடுத்துவிடுகிற டியூட், அதாவது பாடக் குறிப்பு. ஒரு தங்கச்சி கொண்டுவந்த டியூட்டைப் பார்த்தேன், எத்தனை தரம் போட்டோக் கொப்பி எடுத்தார்களோ எழுத்தே மங்கிப்போயிருந்தது, முதல் பக்கத்திலேயே கோட் எழுதும் எக்லிப்ஸ் மென்பொருளை நிறுவுவது எப்படி என்று இருக்கிறது. ஆண்ட்ராய்டுக்கான எக்லிப்ஸ் கருவிகளைக் கூகுள் 2015 இறுதியோடு கைவிட்டுவிட்டது. உள்ளே பின்னணி வேலைக்கு ஏசிங்க்டாஸ்க் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது 2020 இல் ஆண்ட்ராய்ட் 11 வந்தபோதே காலாவதி என்று குறிக்கப்பட்டது. கோட்லின் மொழிக்குக் கூகுள் 2017 இல் அதிகாரபூர்வ ஆதரவு கொடுத்து, 2019 இல் இனிமேல் கோட்லினுக்குத்தான் முதலிடம் என்று வெளிப்படையாகவே சொன்னது. திரையை எக்ஸ்எம்எல்லில் வரைந்துவிட்டு அதை ஜாவாவில் தேடிப் பிடிக்கிற பழைய முறைக்குப் பதிலாக, திரையையும் கோட்லினிலேயே எழுதுகிற ஜெட்பேக் கம்போஸ் 2021 ஜூலையில் 1.0 ஆக வெளிவந்துவிட்டது. இதெல்லாம் நேற்று வந்த புதினம் இல்லை. ஜாவா தெரிவது நல்லதுதான், எக்ஸ்எம்எல் திரைகள் இன்னும் எத்தனையோ நிறுவனங்களின் பழைய புரோகிராம் கோடில் கிடக்கின்றன, ஒருநாளைக்கு அதைக் காட்டிவிடுங்கள். ஆனால் புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அதையே முழுக் கோர்ஸாக விற்கிறீர்களே, அதுதான் பிரச்சினை.

சரி, மொழியையும் கருவியையும் மாற்றிவிட்டால் போதுமா என்றால் போதாது. கோட்லினில் எழுதிய கல்குலேட்டரும் கல்குலேட்டர்தான். நான் சொல்ல வருவது ஆப் என்பது எங்கே ஓடுகிறது என்பதைப் பற்றி.

ஓர் ஊரின் மரணாதார சங்கத்துக்கு, அதாவது சாவு வீட்டுக்கு உதவச் சந்தா சேர்க்கும் சங்கத்துக்கு, சந்தா எழுதுகிற ஆப் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்தில் இந்தச் சங்கம் இல்லாத ஊர் குறைவு, பொருளாளர் வீடு வீடாகக் கொப்பியோடு போய் வருகிறவர், ஆகவே பிள்ளைகளுக்குக் கதை விளங்கும். இப்போது அவர் கொப்பிக்குப் பதிலாகப் போனோடு படுவான்கரையில் ஒரு வயலோரத்து வீட்டுக்குப் போகிறார். சிக்னல் ஒரு கோடு, சிலவேளை அதுவும் இல்லை. பெயரைத் தெரிவுசெய்து தொகையை அடித்துச் ‘சேமி’யைத் தட்டுகிறார். வகுப்பில் பழகிய முறையில் எழுதிய ஆப் நேரே சர்வருக்குப் போகப் பார்க்கும், ஒரு வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். வெயிலில் நிற்கிற மனிதர் பொறுமையிழந்து பின்னுக்குப் போவார், பதிவு போய்விட்டது. காசு அவர் சட்டைப் பையில், கணக்கு எங்கேயும் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் இது என்ன சண்டையாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை, ஆண்ட்ராய்டிலேயே தயாராக இருக்கிறது. தட்டிய உடனே போனுக்குள் இருக்கும் ரூம் தரவுத்தளத்தில் எழுது, திரையில் ‘சேமித்தாயிற்று, இன்னும் அனுப்பவில்லை’ என்று காட்டு, பிறகு இணையம் கிடைக்கும்போது அனுப்பு என்று பின்னணி வேலைகளைப் பார்க்கும் வொர்க்மேனேஜரிடம் ஒப்படைத்துவிடு. ஆப்பை மூடினாலும், போனையே அணைத்துப் போட்டாலும் அந்த வேலை வரிசையில் நிற்கும், களுவாஞ்சிக்குடிச் சந்திக்கு வந்து சிக்னல் பிடித்ததும் போய்ச் சேரும். ஒரே பதிவு இரண்டு தரம் போய்விட்டால்? அதற்காகத்தான் ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்ப வேண்டும், அதே எண் மறுகா வந்தால் சர்வர் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். இந்த ஒரு பயிற்சிக்குள் எவ்வளவு பாடம் இருக்கிறது பாருங்கள். லொகின் திரையைப் பத்துத் தரம் வரைந்தாலும் இது வராது.

இதோடு இன்னொன்று. பொருளாளர் தொகையை அடித்துக்கொண்டிருக்கும்போது கோல் ஒன்று வருகிறது, கதைத்து முடித்துவிட்டு ரசீதைப் படமெடுக்கக் கமெராவையும் திறக்கிறார். அவருடைய போன் 3 ஜிபி ரேம் உள்ள பழைய போன். கமெரா திறந்ததும் இடம் போதாமல் ஆண்ட்ராய்ட் நம் ஆப்பைப் பின்னால் கொன்றுவிடும், அது ஆண்ட்ராய்டின் பிழை இல்லை, அதன் வேலையே அதுதான். திரும்பி வந்தால் படிவம் வெறுமையாக இருக்கிறது. சேரின் கணினியில் இது ஒருநாளும் நடக்காது, அதனால் ஒருநாளும் பாடமாகவும் வராது. போனில் பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டினால் டெவலப்பர் மெனு திறக்கும், அதற்குள் ‘டோன்ட் கீப் அக்டிவிட்டீஸ்’ என்று, பின்னுக்குப் போன திரையை உடனே அழித்துவிடும் ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பிள்ளையின் ஆப்பில் படிவத்தைப் பாதி நிரப்பச் சொல்லுங்கள், வேறு ஆப்புக்குப் போய்வரச் சொல்லுங்கள். எழுதியது அங்கேயே இருந்தால் பிள்ளைக்குக் கம்போஸில் வெறும் ரிமெம்பருக்கும் (திரை அழிந்தால் மறந்துவிடும்) ரிமெம்பர்சேவபிளுக்கும் (திரும்ப எடுத்துத் தரும்) உள்ள வித்தியாசம் தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் அன்றைக்குப் பாடம் அதுதான். ஐந்து நிமிட வேலை, இதற்கு எந்தப் புதுக் கணினியும் தேவையில்லை.

அப்புறம், எழுதிய கோடை, அதாவது நிரலை, வைத்திருக்கும் விதம். வருகிற பிள்ளைகளில் அதிகமானோர் பென்ட்ரைவில் ஒரு சிப் கோப்பைக் கொண்டுவருகிறார்கள், பெயர் ‘பைனல்’, அதற்குப் பக்கத்தில் ‘பைனல் நியூ’, அதற்கும் பக்கத்தில் ‘பைனல் நியூ ஓகே’. எது ஓடுகிறது என்று அவர்களுக்கே தெரியாது. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவில் வைக்கும் கிட் என்ற கருவி 2005 இலிருந்து இருக்கிறது, காசு இல்லை, இணையம் இல்லாமலேயே கணினிக்குள் பாவிக்கலாம். அதைக் கோர்ஸின் கடைசிக் கிழமையில் ‘கூடுதல் பாடம்’ ஆக வைக்காதீர்கள். முதல் நாள், முதல் மணித்தியாலம், புது புராஜெக்ட் திறந்ததும் முதல் கமிட், அதாவது அந்த நேரத்து நிலையைக் கிட்டில் பதிந்து வைப்பது. பிறகு ஒவ்வொரு வகுப்பும் கமிட்டோடு முடியட்டும். இரண்டு பேராகச் சேர்த்துவிட்டு ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்து, விளங்காத இடத்தில் கேள்வி எழுதிய பிறகுதான் சேர்ப்பது என்று ஒரு விதி போடுங்கள். வேலைக்கு வந்தால் தினமும் செய்யப்போவது இதைத்தான், எங்களிடம் வருகிற பிள்ளைகள் திணறுவதும் அநேகமாக இங்கேதான். கோட்லின் தெரியாததை ஒரு மாதத்தில் பழக்கிவிடலாம், தன் கோடை இன்னொருவர் வாசித்துக் குறை சொன்னால் முகம் சுருங்காமல் இருப்பதற்குத்தான் நாள் எடுக்கிறது.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதுகிறார்கள் என்று நீங்கள் குறைப்படுவதும் தெரியும். எழுதட்டும், நாங்களும் கேட்கிறோம். ஆனால் அது சிலவேளை பத்து வருடத்துக்கு முந்திய முறையை மிகவும் தன்னம்பிக்கையோடு எடுத்துக் கொடுக்கும், பழையது எது என்று தெரிந்த ஒருவர் வாசித்தால்தான் பிடிபடும். மங்கிய டியூட்டில் படித்த பிள்ளைக்கு அது எப்படிப் பிடிபடும், சொல்லுங்கள்?

சோதனை எழுதுவது, அதாவது கோடின் ஒரு சின்னத் துண்டு சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கிற யூனிட் டெஸ்ட், இது நம் வகுப்புகளில் அறவே இல்லை. ‘அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர் செய்கிறது’ என்று ஒரு சேர் என்னிடமே சொன்னார். சேர், நம் எல்லோருடைய பேர்ஸிலும் ஒரு டெஸ்ட் பாடம் கிடக்கிறது, அடையாள அட்டை. பழைய இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும், வி அல்லது எக்ஸ். 2016 இலிருந்து வருவது 12 எண். பழையதில் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், புதியதில் முதல் நான்கு. அடுத்து வரும் மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இதைப் படித்துப் பிறந்த திகதியைக் கண்டுபிடிக்கிற ஒரு சின்ன ஃபங்ஷன் எழுது என்று கொடுத்துப் பாருங்கள். பத்து வரியில் எழுதிவிட்டு ‘முடிஞ்சுது சேர்’ என்பார்கள், தங்கள் அட்டையை அடித்துப் பார்த்தால் சிலருக்குச் சரியாக வரும், சிலருக்கு ஒருநாள் தள்ளி வரும். ஏனென்றால் அந்த நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாள். 1995 மார்ச் முதலாம் திகதி பிறந்தவருக்கு, அது லீப் வருடம் இல்லாததால், நியாயப்படி 60 ஆவது நாள் வர வேண்டும், அட்டையில் 061 என்று இருக்கும், பெண்ணென்றால் 561. கோட்லினில் வருடத்தையும் நாளையும் அப்படியே கொடுத்துத் திகதி கேட்டால் மார்ச் 2 என்று சொல்லும்.

ஜனவரியில் பிறந்த பிள்ளை தன் அட்டையை மட்டும் போட்டுப் பார்த்தால் இந்தப் பிழை வாழ்நாள் முழுக்கத் தெரியாது. மார்ச் முதலாம் திகதிக்கு ஒரு டெஸ்ட், பெப்ரவரி 29 க்கு ஒன்று, லீப் வருடத்து மார்ச்சுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, 12 எண்ணுக்கு ஒன்று, தவறான இலக்கத்துக்கு ஒன்று என்று எழுதி வைத்தால், பிறகு யார் கோடில் கைவைத்தாலும் சில வினாடியில் உடைந்தது தெரிந்துவிடும். டெஸ்ட் எதற்கு என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை, பிள்ளைகள் வீட்டாரின் உண்மையான இலக்கங்களை டெஸ்டுக்குள் எழுதி அதைக் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் எல்லோருக்கும் திறந்து போட்டுவிடுகிறார்கள், கற்பனை இலக்கம் பாவிக்கச் சொல்லுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

தமிழைப் பற்றிக் கொஞ்சம். பிள்ளைகள் செய்கிற ஆப்களில் பாதி ஆங்கிலத்தில், மீதி பாமினி எழுத்துருவைப் போட்டு ஒப்பேற்றிய தமிழில். பாமினியில் அடித்தது போனுக்குள் வெறும் ஆங்கில எழுத்துக்கள்தான், தேடினால் கிடைக்காது, வாசித்துக் காட்டும் வசதி அதை உளறும். யுனிகோடில் எழுதச் சொல்லுங்கள். யுனிகோடிலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது, ‘மட்டக்களப்பு’ நம் கண்ணுக்கு எட்டு எழுத்து, கோட்லினிடம் நீளம் கேட்டால் 12 என்னும், புள்ளியையும் உகரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். இடம் போதாதென்று 11 இல் வெட்டினால் பட்டியலில் ‘மட்டக்களப்ப’ என்று நிற்கும். நம் ஊர் மூத்தவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், ஆண்ட்ராய்ட் 14 இலிருந்து 200 வீதம் வரை கூட்டலாம், ‘சமர்ப்பிக்கவும்’ என்று பொத்தானில் எழுதியிருந்தால் ‘சமர்ப்’ வரைக்கும்தான் தெரியும். ‘அனுப்பு’ என்று எழுதிவிட்டுப் போகலாமே! கம்போஸ் முன்னோட்டத்திலேயே தமிழையும் இரண்டு மடங்கு எழுத்தையும் போட்டுப் பார்க்கலாம், போனில் ஏற்றவே தேவையில்லை.

இனி உங்கள் பக்கத்துக் காரணங்கள். கணினி போதாது என்பீர்கள், உண்மைதான். ஆப் எழுதுகிற ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16 ஜிபி ரேம் வேண்டும் என்று கூகுளே சொல்கிறது, நம் வகுப்புகளில் 8 ஜிபி இருந்தாலே பெரிய விஷயம். அப்படியென்றால் எமுலேட்டரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆண்ட்ராய்ட் போன் இருக்கிறதே, யுஎஸ்பி வயரில் குத்தி அதிலேயே ஓட்டினால் கணினிக்குப் பாரம் பாதி குறையும், ஆண்ட்ராய்ட் 11 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு உள்ள போன் என்றால் வயர்கூடத் தேவையில்லை. உண்மையான போனில் பழகுவதுதான் நான் கேட்பதும், ஆகவே இந்தக் குறை உங்களுக்கு நல்லதாகத்தான் முடிகிறது. இணையம் மெதுவென்றால், ஆப்பைக் கட்டும் கருவியான கிரேடில் முதல் தரம் இறக்குகிற லைப்ரரிகளை ஒரு கணினியில் முழுதாக இறக்கி, அந்தக் கேஷ் ஃபோல்டரை மற்றக் கணினிகளுக்குக் கொப்பி பண்ணி, ஆஃப்லைன் முறையில் பில்ட் பண்ணலாம். எல்லோரும் ஒரே பதிப்புகளைப் பாவிக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டால், அதற்குத்தான் கமிட் பண்ணி வைக்கச் சொல்கிறேன்.

ஐபோன்? அதற்கு ஆப் எழுதும் எக்ஸ்கோட் மேக்கில் மட்டும்தான் ஓடும், ஆப்பை வெளியிட அப்பிளுக்கு வருடா வருடம் 99 டொலர் கட்ட வேண்டும், கூகுளுக்கு ஒரே தரம் 25 டொலர். ஒரு மேக்கை வாங்கி முப்பது பேருக்குக் காட்டுவதைவிட ஆண்ட்ராய்டை ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். கம்போஸ் விளங்கிய பிள்ளைக்கு திரை எழுதுகிற அப்பிளின் ஸ்விஃப்ட்யுஐ கையில் கிடைத்தால் பாதி தெரிந்தது மாதிரி இருக்கும், நிலை மாறினால் திரை தானாக மாறும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் எழுதுகிற ஃப்ளட்டரைச் சொல்லிக் கொடுத்தால் இரண்டுக்கும் ஆயிற்றே என்று கேட்பவர்களுக்கு, நான் ஃப்ளட்டருக்கு எதிரி இல்லை, அதில் நல்ல வேலை செய்பவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் பின்னணி வேலையும் அனுமதிகளும் பற்றரி சேமிப்பும் எப்படி நடக்கின்றன என்பது அடியில் இருக்கும் ஆண்ட்ராய்டின் விஷயம். பிளகின், அதாவது ஃப்ளட்டரை ஆண்ட்ராய்டோடு இணைக்கும் துண்டு, ஒன்று உடைந்தால் கடைசியில் கோட்லின் கோப்பைத்தான் திறக்க வேண்டிவரும். அடியைத் தெரிந்துகொண்டு மேலே போனால் எங்கேயும் நிற்கலாம், இவ்வளவுதான் என் வாதம்.

இப்போது நான் கேட்ட அந்த இரண்டு கிழமைக்கு வருகிறேன். அது நானாக நினைத்துச் சொன்ன கணக்கு இல்லை. 2023 நவம்பர் 13 க்குப் பிறகு திறக்கும் தனிநபர் டெவலப்பர் கணக்கில் புது ஆப்பைப் பிளே ஸ்டோரில் எல்லோருக்கும் வெளியிட வேண்டுமென்றால், முதலில் அழைத்தவர்கள் மட்டும் பாவிக்கும் மூடிய சோதனை ஒன்றை நடத்த வேண்டும். குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள், இடையில் விலகாமல். முதலில் 20 பேர் என்று இருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். தனியே வீட்டிலிருந்து ஆப் எழுதுகிறவருக்கு இது பெரிய தலையிடி, 12 பேரைத் தேடி ஃபேஸ்புக் குழுக்களில் கெஞ்சித் திரிகிறார்கள், காசுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

சேர், மிஸ், 12 பேர் உங்கள் முன்னால்தான் இருக்கிறார்கள்! ஒரு வகுப்பு என்றாலே அது ஒரு சோதனைக் குழு. ஆளுக்கு ஆள் மற்றவரின் ஆப்பை நிறுவி, இரண்டு கிழமை உண்மையாகவே பாவித்து, பிழைகளை எழுதிக் கொடுக்கட்டும். பெயருக்கு நிறுவிவிட்டுச் சும்மா இருந்தால் காணாது, சோதனையில் என்ன கண்டாய், எதை மாற்றினாய் என்று கூகுள் விண்ணப்பத்தில் கேட்கிறது, அதற்குப் பதில் எழுதவே பிள்ளைக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். காத்தான்குடிப் பிள்ளையின் ஆப்பை ஆரையம்பதிப் பிள்ளையின் போனில் பார்க்கும்போது வருகிற பிழை, சேரின் கணினியில் ஒருநாளும் வராத பிழை. அந்தப் 12 பேருக்கு மேல் வெளியாள் ஒருவரும் வேண்டும், சங்கத்துப் பொருளாளரோ டியூஷன் வரவு எடுக்கிற அக்காவோ வள்ளத்துச் செலவு எழுதுகிற மாமாவோ, யாராக இருந்தாலும் சரி. கோட் தெரியாத ஒருவர் ‘இது ஏன் இப்படி?’ என்று கேட்கும் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள்.

கணக்கு யாருடையது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ஒரு நிலையம், பெயர் வேண்டாம், பிள்ளைகளின் ஆப்களைத் தன் பிளே கணக்கிலேயே ஏற்றி ‘எங்கள் வெளியீடுகள்’ என்று விளம்பரம் போட்டது. எங்களிடம் வேலைக்கு வந்த ஒரு தம்பியின் ஆப்பும் அதில் ஒன்று. அவன் ஒரு பிழையைத் திருத்தி அப்டேட் கொடுக்க முடியவில்லை, கணக்கும் அவர்களுடையது, ஆப் இன்னாருடையது என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பும் அவர்களிடம், கேட்டால் அந்தக் கணினி ஃபோர்மட் பண்ணியாயிற்று என்றார்கள். 2021 ஓகஸ்டிலிருந்து புது ஆப்களை பண்டில் என்ற வகைக் கோப்பாகத்தான் ஏற்ற வேண்டும், கையொப்பச் சாவியைக் கூகுளே வைத்திருக்கும், நம்மிடம் இருக்கும் ஏற்றும் சாவி தொலைந்தால் புதிது கேட்டு வாங்கலாம். ஆனால் அதைக் கேட்கக் கணக்கு நம்முடையதாக இருக்க வேண்டுமே. 25 டொலர் பிள்ளைக்குப் பெரிய காசுதான், கோர்ஸ் கட்டணத்துக்குள்ளேயே அதைச் சேர்த்து, பிள்ளையின் பெயரிலேயே திறந்து கொடுங்கள். அட்டை தடித்த மினுமினுப்புச் சான்றிதழைவிட அது பிரயோசனம்.

வெளியிட்டதோடு முடிகிறதுமில்லை. ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசியில் கூகுள் கெடுவைத்து, அப்டேட் கொடுக்க வேண்டுமென்றால் அண்மைய ஆண்ட்ராய்ட் பதிப்பை இலக்காக வைத்திருக்க வேண்டும் என்கிறது, 2025 இல் அது ஆண்ட்ராய்ட் 15. தொடாமல் விட்ட ஆப் கொஞ்சக் காலத்தில் புதுப் போன் வாங்கியவர்களின் தேடலில் கிடைக்காமல் போய்விடும். ஆகவே பழைய மாணவர்களை வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு, எல்லோருமாக இருந்து ஆப்பை அந்த வருடத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள். புது பேட்ச் பிள்ளைகளும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், பழைய கோடைப் பராமரிப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றனதானே, இதெல்லாம் அவர்கள் பார்க்கட்டும் என்று சிலர் சொல்லக்கூடும். பட்டம் படிக்கப் போகிறவர்கள் கொஞ்சப் பேர். உயர்தரம் எழுதிவிட்டு வெட்டுப்புள்ளி காணாமல், வெளிநாட்டுக்கும் போக மனமில்லாமல், நகையை அடகு வைத்து உங்களிடம் காசு கட்டுகிற பிள்ளைகள்தான் அதிகம். அந்தக் காசுக்குத்தான் நான் கணக்குக் கேட்கிறேன், அதைப் பிழையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கோர்ஸ் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும், நீங்களும் வாடகை கட்டி, கரண்ட் பில் கட்டி நடத்துகிறவர்கள். அடுத்த பேட்ச்சுக்குக் கடைசிப் பரீட்சையை மட்டும் மாற்றுங்கள். எழுத்துத் தாளைத் தூக்கிவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: கமிட் வரலாறு, டெஸ்ட் ஓடுகிறதா, ஃபிளைட் மோடில் போட்டால் ஆப் என்ன செய்கிறது, இரண்டு கிழமைச் சோதனையில் மற்றவர்கள் எழுதிய பிழைகளுக்குப் பிள்ளை என்ன செய்தது. பரீட்சை அப்படி என்று முதல்நாளே சொல்லிவிட்டால் பாடம் தானாக அந்தப் பக்கம் திரும்பும், பிள்ளைகளே உங்களைத் திருப்பிவிடுவார்கள்.

புள்ளியிட ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த வகுப்பாக இருந்தாலும் சனி, ஞாயிறில் வருவேன். காசு வேண்டாம், பிள்ளைகளின் போன்களில் சார்ஜ் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆண்ட்ராய்ட் வேலைக்காரன்